முப்பத்தொரு ராத்தல்

"சால்வையை எடும்மா. பார்த்தாத்தானே எழுத முடியும்" என்றாள் மிஸ் பெட்ரி.

எஃபி எடுக்கவில்லை. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாலு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற அந்த ஒற்றை அறையில், பத்தொன்பது வயதுப் பெண் தன் அக்காளைப் பார்த்தாள். அக்காள் இஷ்பெல் அப்போதுதான் மில்லிலிருந்து வந்திருந்தாள். சனிக்கிழமை, அரை நாள் வேலை. தலைமுடியில் சணல் தூசி இன்னும் போகவில்லை. எடு என்று அவள் கண்ணைக் காட்டினாள். எஃபி சால்வையை எடுத்தாள்.

"திரும்பி நில்லு. ம்... இப்பப் பக்கவாட்டுல."

இஷ்பெலின் புருஷன் டூகல், ஒரு கையில் தட்டும் ஒரு கையில் ஈரத்துணியுமாகச் சன்னல் ஓரம் நின்றான். சணல்மில் ஊரான எங்கள் கின்பிரேயில் ஆண்பிள்ளை தட்டுக் கழுவுவது அதிசயமில்லை. மில்லுக்குப் பெண்கள்தான் வேண்டும். அவர்களுக்குக் கூலி குறைவு. பையன்களை வளரும் வரை வைத்திருந்து, பெரியவர் கூலி கேட்கிற வயசு வந்ததும் வாசலைக் காட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வீட்டில் டீக்குக் கெட்டில் வைக்கிற உத்தியோகம்தான். டூகல் மில்லை விட்டு வரும்போது நெஞ்சு நிறையச் சணல் தூசியையும் கொண்டுவந்தான். இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வான்.

"எத்தனை மாசம்?" என்று கேட்டாள் மிஸ் பெட்ரி.

"மாசமெல்லாம் இல்லீங்கம்மா" என்றாள் எஃபி. "வலிதான். ஈஸ்டர்லேருந்து வலி. அப்புறம் வீங்க ஆரம்பிச்சுது."

"நான் எத்தனை மாசம்னு கேட்டேன்."

மிஸ் பெட்ரி கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். லாரிமர் மில் முதலாளியம்மாளின் சார்பில் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டுக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முடிவு செய்வது அவள் வேலை. மழையானாலும் பனியானாலும் நாலு மாடி ஏறி வருவாள். எத்தனையோ வீட்டுக்குச் சூப்பு கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். நல்லவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவர்களை அசைக்க முடியாது. அதுதான் சங்கடம்.

"அம்மா, ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்தா என்னன்னு தெரிஞ்சிருமே" என்றான் டூகல், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"டாக்டர் பாக்கணும்னா சீட்டு வேணும், டூகல்."

"சீட்டு வேணும்னா?"

"நான் பாக்கணும். பார்த்துட்டேன்." அவள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள். "ஆஸ்பத்திரி விதியிலேயே இருக்கு. வயித்துல புள்ளையோட இருக்கிறவளைச் சேர்க்க மாட்டாங்க. அதுலயும் கல்யாணம் ஆகாதவளுக்குத் திருமதி லாரிமர் பேர்ல ஒரு சீட்டை எழுதிக் குடுத்துட்டு, நான் நாளைக்குச் சர்ச்சுல அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது? என் கணக்குக்கு நவம்பர் கடைசி. அதுக்குள்ள புள்ளை பொறந்திடும். பொறக்கலேன்னா வா, சீட்டு தர்றேன். நான் ஞாயமாத்தான் சொல்றேன், இஷ்பெல்."

ஞாயம்தான். ஜூன் மாதத்தில் வலி என்று வந்த பெண்ணிடம் நவம்பரில் வா என்றாள். பிள்ளை பெறாமல் இருந்து தன் ஒழுக்கத்தை நிரூபித்துவிட்டு வா என்றாள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

எங்கள் பெரியாஸ்பத்திரியைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் நாங்களே பெருமையாகப் பேசுவோம், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் அதற்குத் தொண்ணூற்றொன்பது வயசு நடந்துகொண்டிருந்தது. ஊரில் விஷக்காய்ச்சல் வந்து தெருவுக்குப் பத்துப் பேர் செத்த காலத்தில், லினன் வியாபாரிகள் சேர்ந்து நாற்பது கட்டிலோடு ஆரம்பித்தது. இப்போது முன்னூறு கட்டில். மின்விளக்கு. உடம்புக்குள் எலும்பைப் படம் பிடிக்கிற இயந்திரம் ஒன்று. மயக்கமருந்து கொடுத்து அறுக்கிற கண்ணாடிக்கூரை அறை. உள்ளே போய்விட்டால் மருந்து, சாப்பாடு, வெள்ளை விரிப்பு எல்லாம் இனாம். உள்ளே போவதற்கு மட்டும் ஒரு சந்தாதாரர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். எந்தச் சந்தாதாரர் எவ்வளவு கொடுத்தார் என்று மாடிப்படிச் சுவர் முழுக்கத் தங்க எழுத்தில் இருக்கும். லாரிமர் மில்லுக்கு வருஷம் இருபது சீட்டு. அந்தச் சந்தா எங்கிருந்து வருகிறது என்றால், வாரா வாரம் எங்கள் கூலியில் பிடிக்கிற ஒரு பென்னியிலிருந்து. சீட்டுப் புத்தகம் இருப்பதோ திருமதி லாரிமரின் மேசை இழுப்பறையில். பென்னி எங்களுடையது, தர்மம் அவளுடையது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மெஷினில் கை கால் போனால் சீட்டு வேண்டாம், நேரே தூக்கிக்கொண்டு போகலாம். கீழ்மாடியில் இருந்த பெல்லா கீலர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப ஒண்ணு செய் எஃபி. போய் ஒரு விரலை மெஷின்ல குடு. விரலைக் கட்டும்போது அப்படியே வயித்தையும் பார்த்துருவாங்க." அவள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எஃபி சிரிக்கவில்லை; தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் பெல்லாவுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆகஸ்டில் மேஸ்திரி எஃபியை மில்லுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நூற்கிற மெஷின்களுக்கு நடுவே புகுந்து போக இடம் போதவில்லை என்று காரணம் சொன்னான். துணி துவைக்கிற பொதுக்கூடத்தில் அவள் பக்கத்துத் தொட்டி தானாகவே காலியாயிற்று. சர்ச்சிலிருந்து ஒரு மூப்பர் வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, டூகல் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, அந்த ஆளுடைய பெயரை மட்டும் சொல்லிவிட்டால் போதும் என்றார்.

"எந்த ஆளுங்க?" என்றாள் எஃபி.

"அதைத்தாம்மா கேக்கிறேன்."

"நானும் அதைத்தான் கேக்கிறேன்."

திமிர் பிடித்த பெண் என்று மூப்பர் படியிறங்கும்போதே சொல்லிக்கொண்டு போனார். அடுத்த வாரம் தெருவில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். கனடாவுக்குக் கப்பலேறிப்போன தறிமேஸ்திரி ஒருத்தன், பால்வண்டிக்காரன். ஒரு கிழவி டூகல் பெயரையே சொன்னாள். நாளெல்லாம் வீட்டில் கெட்டில் வைத்துக்கொண்டு இருக்கிற ஆம்பளைதானே என்றாளாம். அதை டூகலிடம் யாரும் நேரே சொல்லவில்லை. ஆனால் அவன் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

இஷ்பெலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை மறைத்தால் இந்தக் கதையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. தாய் செத்தபோது எஃபிக்கு ஆறு வயசு, இஷ்பெல்தான் வளர்த்தாள். ஊரெல்லாம் பேசினபோது அவள் ஊரோடு சண்டைக்குப் போனாள். துவைக்கிற கூடத்தில் ஒருத்தி தலையில் சோப்புத் தண்ணீரைக் கவிழ்த்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து, தங்கச்சி அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரையில் குனிகிறதைப் பார்க்கும்போது அவளுக்கும் சந்தேகம் வந்தது. ஒருநாள் தலைவாரி விடும்போது கேட்டேவிட்டாள்.

"எங்கிட்டயாவது சொல்லிடு எஃபி. நான் திட்ட மாட்டேன்."

எஃபி சீப்பை வாங்கித் தானே வாரிக்கொண்டாள்.

செப்டம்பரில் இஷ்பெல் மில்லில் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் ஓரமாக உட்கார்ந்து ஒரு சின்னச் சட்டை தைத்தாள். பழைய ஃபிளானல் பாவாடையைக் கிழித்து, கழுத்தில் நாடா வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டை. பிள்ளை வந்தால் வரட்டும், ஆஸ்பத்திரிக்காரனும் வேண்டாம், சர்ச்சும் வேண்டாம், நான் வளர்க்கிறேன் என்று நினைத்தாள். அது பெரிய மனசுதான். ஆனால் அந்தப் பெரிய மனசு எஃபிக்குத் தேவைப்படவில்லை. தான் சொல்வதை அக்காள் ஒருத்தியாவது நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

கட்டிலுக்கு அடியில் நிலக்கரி வாளியைத் தேடும்போது எஃபி அந்தச் சட்டையைக் கண்டெடுத்தாள்.

"யாருக்கு அக்கா இது?"

இஷ்பெல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எஃபி சட்டையை மடித்தாள். எடுத்த இடத்திலேயே வைத்தாள். அன்றைக்கு ஓட்ஸ் கஞ்சியை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது என்றாள்.

அக்டோபரில் அவள் கைகால்கள் குச்சியாகிவிட்டன. வயிறு மட்டும் மேலே மேலே ஏறியது. படுத்தால் மூச்சு விட முடியாமல் நாற்காலியிலேயே தூங்கினாள். அந்த நாலு மாடியிலும் பிறந்த பிள்ளைகளில் பாதியைக் கையில் வாங்கியவள் பெல்லா. ஒருநாள் அவள் யாரும் கூப்பிடாமலே மேலே வந்து, எஃபியின் வயிற்றில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். அப்புறம் கையால் அங்கங்கே தட்டிப் பார்த்தாள். வெளியே வந்து இஷ்பெலைப் படிக்கட்டில் நிறுத்தினாள்.

"இது புள்ளை இல்லடி."

"நிச்சயமாவா?"

"முப்பது வருஷமா இதே வேலை பார்க்கிறேன். புள்ளைன்னா உதைக்கும், புரளும், நெஞ்சு அடிக்கும். இது ஒண்ணும் பண்ணல. சும்மா வளருது." பெல்லா மூக்கைச் சிந்தினாள். "விரலை மெஷின்ல குடுன்னு சிரிச்சேன் பாரு. என் நாக்கைத்தான் குடுத்திருக்கணும்."

இஷ்பெல் அன்றைக்கே மிஸ் பெட்ரியிடம் ஓடினாள். பெல்லா கீலரின் காது ஆஸ்பத்திரி விதியில் இல்லை என்று மிஸ் பெட்ரி பொறுமையாக விளக்கினாள். நவம்பர் கடைசியில் மறுபடி போனாள்.

"நாள் கடந்து போச்சும்மா. புள்ளை பொறக்கல."

மிஸ் பெட்ரி காலண்டரைப் புரட்டினாள். "பொண்ணுங்க சொல்ற கணக்கு முன்னப்பின்ன இருக்கும். இன்னும் மூணு வாரம் பார்ப்போம்."

"அவ எந்தக் கணக்கும் சொல்லலீங்க. நீங்கதான் சொன்னீங்க."

மிஸ் பெட்ரிக்கு முகம் சிவந்தது. மூன்று வாரம் கழித்து இஷ்பெல் மூன்றாவது தடவை போனபோது அவள் மறுபேச்சுப் பேசவில்லை, சீட்டு எழுத உட்கார்ந்தாள். புத்தகத்தில் சீட்டு இல்லை. அந்த வருஷத்து இருபதும் முடிந்துவிட்டது. கடைசிச் சீட்டு முந்தின வாரம்தான் முதலாளி வீட்டு வண்டிக்காரனுக்குப் போயிருந்தது. அவனுக்குக் கால் கட்டைவிரலில் நகம் சதைக்குள் வளர்ந்துவிட்டது.

"ஜனவரி பொறந்ததும் புதுப் புத்தகம் வந்துடும்" என்றாள் மிஸ் பெட்ரி. "முதல் சீட்டு உனக்குத்தான். நானே எழுதறேன்." ஆனால் இன்னொரு சந்தாதாரர் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு சீட்டுக் கடன் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அப்படி யாரும் செய்வதில்லை.

ஜனவரி நாலாம் தேதி டூகலும் பெல்லாவின் புருஷனும் எஃபியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். டூகல் மாடிக்கு ஒருதரம் நின்று இருமினான். "அத்தான், என்னை வச்சிட்டு நீங்க ஏறி உக்காருங்க, நான் தூக்கறேன்" என்றாள் எஃபி. சன்னல்களில் நின்று பார்த்தவர்கள், பிரசவத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கின்னியர் போர்வையை விலக்கி, கையை வைத்து, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இஷ்பெல் பக்கம் திரும்பினார்.

"சூல்பையில கட்டி. ஏம்மா, ஆறு மாசம் முன்னாடி கொண்டுவந்திருந்தா இது சின்ன வேலை. பதினஞ்சு நாள்ல எழுந்து மில்லுக்குப் போயிருப்பா. இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"சீட்டு கிடைக்கலீங்க."

"ஏன்?"

"புள்ளைன்னு சொன்னாங்க."

"எந்த டாக்டர் சொன்னது?"

"டாக்டர் யாரும் பாக்கலீங்க."

கின்னியர் போர்வையை மறுபடி இழுத்து மூடினார். தொட்டியடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார். மறுநாள் அந்தக் கண்ணாடிக்கூரை அறையில் மாணவர்கள் படிவரிசைகளில் நின்று பார்க்க, அவர் கட்டியை உடையாமல் முழுசாக எடுத்தார். முப்பத்தொரு ராத்தல். பிறந்த பிள்ளைகள் நாலைந்தின் எடை. அத்தனை பெரியதை எங்கள் ஊரில் யாரும் எடுத்ததில்லையாம். மாணவர்கள் கைதட்டினார்கள் என்று வார்டு கூட்டுகிற பெண் பிற்பாடு சொன்னாள்.

மயக்கம் தெளிந்ததும் எஃபி முதலில் கையைப் போர்வைக்கு மேல் வைத்துப் பார்த்தாள். தட்டையாக இருந்தது.

"என்னவாம் அக்கா?"

"கட்டி. புள்ளை இல்ல."

"எவ்வளவு எடை?"

"முப்பத்தொரு ராத்தலாம்."

"அடேயப்பா" என்றாள் எஃபி. உதடு காய்ந்திருந்தது, சிரிக்கப் பார்த்தாள். "அப்பன் இல்லாம முப்பத்தொரு ராத்தல். பால்வண்டிக்காரன் பாவம், அவனைப் போய்ச் சொன்னாங்களே." கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "எல்லார்கிட்டயும் சொல்லிடு அக்கா. துவைக்கிற எடத்துல, மில்லுல, சர்ச்சுல. ஒருத்தர் விடாம."

"நீயே வந்து சொல்லு."

"நான் சொன்னா யாரு கேட்டா? நீ சொல்லு. நீ சட்டை தைச்சதை மில்லே பார்த்திருக்கும், நீயே நம்பலேன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால நீ சொன்னா நம்புவாங்க."

இஷ்பெல் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். எஃபி தூங்கிப்போயிருந்தாள், கேட்டாளா இல்லையா என்று இஷ்பெலுக்குக் கடைசிவரை தெரியாது. மூன்றாம் நாள் எஃபி செத்துப்போனாள். அறுவை சரியாகத்தான் நடந்தது, தாங்குகிற அளவுக்கு உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை என்று கின்னியர் சொன்னார்.

இஷ்பெல் எஃபியின் துணிமூட்டையை வாங்கப் போன இடத்தில் குமாஸ்தா ஒரு அச்சடித்த காகிதத்தை நீட்டினார். ஆஸ்பத்திரியை விட்டுப் போகிற ஒவ்வொருவரும் சீட்டுக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அது ஆரம்ப நாளிலிருந்து இருக்கிற விதி. "லாரிமர் அம்மையாரின் பெருங்கருணையால் அனுமதிக்கப்பட்டு" என்று எழுதி, அதற்குக் கீழே குணமானவர், நோய் தணிந்தவர், இறந்தவர் என்று மூன்று கட்டம் இருந்தது. மூன்றாவதில் குமாஸ்தாவே கோடு போட்டுவைத்திருந்தார்.

"செத்துப்போனவ எப்படிங்க கையெழுத்துப் போடுவா?"

"உறவுக்காரங்க போடலாம்."

"போடலேன்னா?"

"அந்த வீட்டுக்கு மறுபடி சீட்டு கிடைக்காது. என்னைக் கோவிச்சுக்காதேம்மா, விதி அப்படி."

பின்னால் டூகல் இருமிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சீக்கிரமே ஒரு சீட்டுத் தேவைப்படும் என்று குமாஸ்தாவுக்கும் கேட்டது, இஷ்பெலுக்கும் கேட்டது. அவள் பேனாவை எடுக்காமல் நின்றாள். டூகல்தான் அவள் தோளைத் தொட்டான். "வா இஷ்பெல், போலாம்" என்றான். "எனக்கு வேண்டாம்."

இஷ்பெல் தங்கச்சி சொன்னபடி எல்லாரிடமும் சொன்னாள். துவைக்கிற கூடத்தில் சொன்னாள். மில்லில் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னாள். சர்ச் வாசலில் மூப்பரை நிறுத்திச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆமாம்மா, கட்டிதான், பாவம், என்றார்கள். அவள் நகர்ந்ததும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். செத்துப்போன தங்கச்சியைப் பற்றி அக்காள் வேறு என்ன சொல்லுவாள்? எஃபியின் கணக்கு தப்பிவிட்டது. இஷ்பெல் சொல்லியும் யாரும் நம்பவில்லை.

ஜூனில் ஆஸ்பத்திரிக்கு நூறு வயசு ஆனது. மூன்று நாள் விழா. கடைசி நாள் மில்களுக்கெல்லாம் அரை நாள் விடுமுறை விட்டு, தொழிலாளர்கள் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கலாம் என்றார்கள். அன்றைக்கு மட்டும் சீட்டு வேண்டாம். நாங்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைத் துணியைப் போட்டுக்கொண்டு போனோம். மாடிப்படித் தங்க எழுத்து, எலும்பைப் படம் பிடிக்கிற இயந்திரம், ஒரே சமயத்தில் முன்னூறு பேருக்குக் கஞ்சி வைக்கிற அடுப்பு எல்லாம் பார்த்தோம். கடைசியில் ஒரு நீளமான அறை. மாணவர்கள் படிப்பதற்காக, உடம்பிலிருந்து எடுத்தவற்றையெல்லாம் கண்ணாடி ஜாடிகளில் வைத்திருந்தார்கள். நடுவில் தனி மேசை மேல் ஒரு பெரிய ஜாடி.

இஷ்பெல் அதன் அட்டையைப் படித்தாள். "சூல்பைக் கட்டி. முப்பத்தொரு ராத்தல். மணமாகாத மில் தொழிலாளி, வயது பத்தொன்பது. டாக்டர் கின்னியரால் முழுமையாக அகற்றப்பட்டது. நோயாளி திருமதி லாரிமரின் சிபாரிசின் பேரில் அனுமதிக்கப்பட்டவர்." மூன்று பேர் பெயருக்கு இடம் வேண்டிய அட்டையில் இரண்டு பெயர்தான் இருந்தது.

அவள் ஜாடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். வரிசையில் முதலில் வந்தவள், துவைக்கிற கூடத்தில் பக்கத்துத் தொட்டியைக் காலி செய்தவள்.

"இது எஃபி ரேங்கினோடது" என்றாள் இஷ்பெல். "என் தங்கச்சி. புள்ளை இல்ல. கட்டி. எழுதியிருக்கு பாரு."

அந்தப் பெண் அட்டையைப் படித்தாள். மறுபடி ஒருதரம் படித்தாள். பிறகு தலையில் போட்டிருந்த சால்வையை இறக்கிவிட்டு, அங்கேயே நின்றாள்.

"நகரும்மா, நகரு. பின்னாடி வர்றவங்களும் பாக்கணுமில்ல" என்றாள் பெல்லா. அவள் எப்போது வந்து மேசைக்கு மறுபக்கம் நின்றாள் என்று யாருக்கும் தெரியாது.

அறை மூடும் வரை இஷ்பெல் நின்றாள். நூற்கிறவர்கள், நெய்கிறவர்கள், மேஸ்திரி, பால்வண்டிக்காரன், மூப்பர், மூப்பர் மனைவி. வந்தவர் ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தைகளைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. மூப்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கர்த்தர் அறிவார்" என்றார். "இப்ப நீங்களும் அறிஞ்சுக்கங்க" என்றாள் இஷ்பெல்.

கடைசியில் மிஸ் பெட்ரி வந்தாள். அட்டையைப் படிக்கவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கண் கலங்கியிருந்தது.

"இஷ்பெல், போதும்மா. காலையிலேருந்து வேலை பார்த்த கால். வீட்டுக்குப் போ."

"இது எஃபி ரேங்கினோடது. என் தங்கச்சி. புள்ளை இல்ல."

"எனக்குத் தெரியும். நான்... நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"நீங்க நம்பல. நானும் நம்பலம்மா. சட்டை தைச்சு வச்சேன்" என்றாள் இஷ்பெல். "அதனாலதான் நிக்கிறேன். நீங்களும் கொஞ்சநேரம் நில்லுங்க."

மிஸ் பெட்ரி நிற்கவில்லை.

இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரியின் நூற்றாண்டு வரலாறு புத்தகமாக வந்தது. தோல் அட்டை, தங்க விளிம்பு. மில் வாசக சாலைக்கு ஒரு பிரதி இனாமாகக் கொடுத்தார்கள். டூகல் அதை இரவல் வாங்கி வந்து கடைசி அத்தியாயத்தை இஷ்பெலுக்குப் படித்துக் காட்டினான். அவள் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"'தகுதியுள்ள ஒரு நோயாளிகூட இந்த வாசலிலிருந்து நூறாண்டில் திருப்பி அனுப்பப்பட்டதில்லை'" என்று படித்தான் டூகல். இருமல் வந்தது, நிறுத்தினான், தொடர்ந்தான். "'விழாவின் கடைசி நாளில், குணம் பெற வந்த ஓர் ஏழை நோயாளியின் சகோதரி, யாரும் கேட்டுக்கொள்ளாமலே, பிற்பகல் முழுவதும் காட்சி அறையில் நின்று, ஆஸ்பத்திரியின் சேவையைப் பொதுமக்களுக்கு விளக்கியது அனைவர் நெஞ்சையும் தொட்டது. ஏழைகளின் நன்றியுணர்வுக்கு இதைவிட...'"

அவன் புத்தகத்தை மூடப் போனான்.

"பேர் போட்டிருக்கா?" என்று கேட்டாள் இஷ்பெல்.

"உன் பேரா?"

"எஃபி பேரு."

டூகல் மறுபடி விரலை வைத்துத் தேடினான். "இல்ல" என்றான்.

அவள் காலை வெந்நீரிலிருந்து எடுத்துத் துடைத்தாள். "அந்த ரூமை மறுபடி எப்பத் தெறப்பாங்களாம்?"

அவன் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். "வருஷா வருஷம் ஜூன் முதல் வியாழக்கிழமையாம். எல்லாரும் வரலாமாம்."

"மேஸ்திரிகிட்ட இப்பவே சொல்லி வைக்கணும்" என்றாள் இஷ்பெல். "அன்னிக்கு எனக்கு வேலை இருக்கு."

டூகல் அடுத்த குளிர்காலத்தில் வீட்டிலேயே செத்துப்போனான். அன்றைக்குக் கையோடு கொண்டுவந்த நன்றிக் காகிதம் கையெழுத்தில்லாமல் அலமாரியில், அந்தச் சின்னச் சட்டைக்குள் மடித்து வைத்தபடி இருந்தது. இஷ்பெல் ஆறு வருஷம் ஜூன் முதல் வியாழக்கிழமை தவறாமல் அந்த ஜாடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஆறு வருஷமும் ஆஸ்பத்திரி ஆண்டறிக்கையில் ஏழைகளின் நன்றியுணர்வைப் பற்றி ஒரு வரி வந்தது.